கப்பல் என்ற குதிரையும் அல்பொன்சாவின் பேசனும்

அல்பொன்சாவுக்கு வயது ஐம்பத்தொன்று. கரையிலிருக்கிற பெண்களுக்குள் அவள்தான் நெட்டை. "ஆள் ஆறடி, வாய் ஏழடி" என்று அவளுடைய புருசனே சொல்வான். சொல்லிவிட்டு எட்டப் போய் நின்றுகொள்வான், ஏனென்றால் அவளுக்குக் கையும் நீளம்.

இப்படிப்பட்டவள் ஒரு குதிரைக்காக அழுதாள் என்று சொன்னால் ஆர் நம்புவார்கள்? கரையில் ஒருத்தரும் நம்பவில்லை. தலவிலத் திருநாள் முடிந்த கிழமை அல்பிரட் சம்மாட்டியார் புது ட்ரக்டரைக் கொண்டுவந்து மீன்வாடிக்கு முன்னால் நிறுத்தினார். பாதரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அல்பொன்சா மட்டும் கருவாடு காயப்போடுகிற பரணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினாள். கேட்டதற்கு, கண்ணில் புகை பட்டுவிட்டதாம். வெயிலில் காய்கிற கருவாட்டுக்கு எங்கேயிருந்து புகை வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் அடி விழும்.

குதிரையின் கதையைச் சொல்லவேண்டும். சண்டை முடிந்து இரண்டு மூன்று வருசத்தில் ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்தன. வெள்ளைக்காரர் வந்தார்கள். வானம் நிறையப் பட்டம் ஏறியது, பட்டத்தில் தொங்கிக்கொண்டு ஆட்கள் கடல்மேல் ஓடினார்கள். ஒரு ஹோட்டல்காரர் வெள்ளைக்காரரை ஏற்றித் திரிய ஒரு கபிலக் குதிரையையும் கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் அந்த ஹோட்டல் பூட்டுப்பட்டது. குதிரையைக் கேட்பார் இல்லை. அது கற்பிட்டிக் கழுதைகளோடு சேர்ந்து றோட்டிலே திரிந்து, விலா எலும்பு தெரிய, ஒரு நாள் அல்பொன்சாவின் குசினி வாசலில் வந்து நின்று பூசணித்தோல் தின்றது. "அட சனியனே!" என்று அகப்பையை ஓங்கினாள். குதிரை அந்த அகப்பையையும் நக்கியது. அவ்வளவுதான், அன்றைக்கே ஆள் விழுந்துவிட்டாள்.

அல்பிரட் சம்மாட்டியார் அந்தக் கரையிலே கரைவலைக்குச் சொந்தக்காரர். கட்டை மனுசன், வயிற்று வண்டி பெரிசு, மனம் நல்லம், கோபம் பொல்லாதது, சகுனப் பயம் கோபத்தைவிடப் பொல்லாதது. வலைக்கயிறு இழுக்கிற இளந்தாரிகளில் பாதிப் பேர் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். "இதைக் கயித்தில பூட்டினா என்ன?" என்று சம்மாட்டியார் கேட்டார். பூட்டினார்கள், குதிரையும் வலையோடு சேர்ந்து அவருடையதாகிவிட்டது. திரும்புவதற்கு அரைவாசிக் கடற்கரை வேண்டியிருந்ததால் கப்பல் என்று பேர் வைத்தார்கள்.

ஆனால் கப்பல் வேலைகாரன். ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஏலேலோ என்று அம்பா பாடத் தொடங்கினால் போதும், கழுத்தைப் பதித்து, பின்கால் இரண்டையும் மணலில் ஊன்றி, அடிமேல் அடியாக இழுக்கும். பாட்டு நின்றாலும் தான் நிற்காது. மீன் நிறைந்த வலைமடி கரையேறவேண்டும். ஏறினதும் அல்பொன்சா தன்னுடைய வாயகன்ற அலுமினியப் பேசனைக் கவிழ்த்துப் பிடித்து அகப்பையால் தட்டுவாள். டங்! டங்! டங்! மீன் பிரிக்க வாருங்கள் என்று பெண்களைக் கூப்பிடுகிற தட்டு அது. அவிழ்த்துவிட்ட கப்பலுக்கு அது புண்ணாக்குத் தட்டு. பெண்கள் வந்து சேருமுன் குதிரை வந்து நிற்கும்.

அந்தப் பேசனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மடி கரையேற முந்தித் தட்டக்கூடாது. கை தவறித் தட்டினால், அந்தப் பேசன் நிலத்தில் படுமுன் நிரம்பவேண்டும், முதல் பிடி சம்மாட்டியின் கையால் விழவேண்டும். வெறுமையாய்க் கீழே வைத்தால் வருசம் முழுக்க வெறுவலைதான். போன வருசம் அல்பொன்சாவின் சிநேகிதி மாக்கிறட், ஈ கலைக்கப் போய்ப் பேசனில் அடித்துவிட்டாள். சம்மாட்டியார் பறந்து வந்து, அகப்பட்ட வெற்றிலைப் பை, சுருட்டு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டார். மற்றச் செருப்போடு நாள் முழுக்க நொண்டித் திரிந்தார்.

இப்போது ட்ரக்டர் வந்துவிட்டது. கப்பலுக்கு வேலை இல்லை. மாறவிலப் பக்கத்திலிருந்து கலியாணப் படம் பிடிக்கிற ஒருவர் வந்து குதிரையை விலைக்குக் கேட்டார். மாப்பிள்ளை பொம்பிளையை மேலே ஏற்றிப் படம் எடுப்பாராம். அல்பொன்சா சம்மாட்டியாரின் படலையில் மூன்று நாள் நின்றாள். சாமான் சட்டி உருட்டுகிற மாதிரி ஓயாத வாய். தாங்கமுடியாமல் சம்மாட்டியார் வெளியே வந்தார்.

"வாற ஞாயிறு உப்புத்தரையில குதிரையோட்டம் வைக்கிறாங்கள். உன்ட கப்பல் முதல் மூண்டுக்குள்ள வந்தா நான் விக்கமாட்டன். தலவில அன்னம்மாள் மேல ஆணை. வராட்டி நீ வாய் திறக்கப்படாது."

"ஓம்," என்றாள் அல்பொன்சா.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. புண்ணாக்குக்குத் தவிர வேறெதற்கும் கப்பல் ஓடி ஆரும் கண்டதில்லை. அவளுக்கும் பயம்தான். வெளியே காட்டுவாளா? "பாருங்கோ, என்ட பிள்ளை பறக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாற்பது பேர் ட்ரக்டர்ப் பெட்டியில் ஏறினார்கள். இப்படிச் சும்மா சிரித்துக் கும்மாளமடிக்க ஒரு பயணம் போய் அல்பொன்சாவுக்கு எத்தனை காலம்! கலியாணம் முடித்த நாளிலிருந்து கரையைவிட்டு அவள் போனதெல்லாம் திருநாளுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சாவீட்டுக்கும்தான். ஆனால் இந்த ட்ரக்டரில் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "நடந்தே வாறன். இதில ஏறினா என்ட கால் அழுகிப்போம்." பத்தடி நடந்தாள். ஆவணி மாத மணல், சட்டியில் வறுத்த மாதிரி. பதினொராவது அடியில் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல ஏறி, பின்பலகையோரம் உட்கார்ந்துகொண்டாள். பெட்டிக்குப் பின்னால் கயிற்றில் கப்பல் ஓடிவந்தது. வழி முழுக்க அதற்கு முகம் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். மடியில் அந்தப் பேசன், பேசன் நிறைய அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலும், மேலே ஒரு வெள்ளைச் சீலையும் அந்த அகப்பையும்.

ஒரு பக்கம் மாக்கிறட், மகள் இத்தாலியிலிருந்து அனுப்பின புதுச் சாறியில். மறு பக்கம் றைஸா. றைஸாவுக்கு ஆலங்குடாவில் பீற்றூட் தோட்டம். இலையெல்லாம் கப்பலுக்குத்தான் வரும். அவளுடைய தம்பி இனாஸ்தான் ட்ரக்டர் ஓட்டுகிறவன். முன்னே அந்த ஹோட்டலில் குதிரை பார்த்தவனும் அவனே. இன்றைக்குக் கப்பலில் ஏறி ஓடப்போகிறவனும் அவனே.

"குதிரையிட சோத்தில மண் போட்டவனும் இவன், அதுக்கு மேல ஏறுறவனும் இவன்," என்றாள் அல்பொன்சா.

"அக்கா, நான் சம்பளத்துக்கு ஓட்டுறன். ட்ரக்டர் என்ட வாப்பாடதா?" என்று முன்னாலிருந்து இனாஸ் கத்தினான்.

"நல்லா ஓடு தம்பி. தோத்துப்போட்டு வந்தா உன்னையும் சேத்துக் கயித்தில பூட்டுவன்."

களப்பு வற்றி வெடித்த உப்புத்தரையில் தென்னங்குற்றி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அதுதான் ஓட்டப்பாதை. முட்டை மாதிரி ஒரு சுற்று. தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஒரே கொடிக்கம்பம். ஐஸ்கிறீம் வான், கடலைக்காரன், பலூன், சிங்களத்தில் ஒரு தரம் தமிழில் ஒரு தரம் கத்துகிற ஸ்பீக்கர். சம்மாட்டியார் தன் ட்ரக்டரை எல்லாரும் காணட்டும் என்று கொடிக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவித்தார். ஒரு சுருள் கடலை வாங்கிக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து நின்றார். மாறவிலக்காரரும் வெள்ளைக் களிசானோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"எந்தக் குதிரைக்குக் கட்டுறாய் றைஸா?" என்று மாக்கிறட் நோண்டினாள்.

"தவ்பா! பந்தயம் கட்டினா ஹறாம் புள்ள. பாக்கிறது ஹறாமில்ல. கத்துறதும் ஹறாமில்ல."

"அப்ப எனக்கும் சேத்துக் கத்து," என்றாள் மாக்கிறட்.

ஆறு குதிரைகள் வந்தன. ஒன்று வெள்ளை, வாலைப் பின்னி றிபன் கட்டியிருந்தது. மாக்கிறட் வாயைப் பிளந்தாள். "அடியே, என்ட கலியாணத்துக்குக்கூட எனக்கு இப்படித் தலை கட்டேல்லயே!" இன்னொன்று கறுப்பு, சும்மா நிற்கவே மாட்டேன் என்று குதித்தது. கடைசியாய்க் கப்பல் வந்தது. நடுவழியில் நின்றது. எல்லாருக்கும் முன்னால் ஆறுதலாகச் சாணம் போட்டது. சனம் ஊளையிட்டது. மூன்று சிநேகிதிகளும் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"பாரம் குறைச்சுப்போட்டுது. என்ட பிள்ளைக்கு மூளை இருக்கு," என்றாள் அல்பொன்சா.

மூன்று சுற்று. விசில் அடித்தது. ஐந்து குதிரை பறந்தன. கப்பல் என்ன அவசரம் என்று நின்று பார்த்தது. இனாஸ் காதில் என்னமோ சொன்னான், பிறகுதான் அசைந்தது. முதல் சுற்றில் கடைசி. அல்பொன்சா பெட்டியின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. இரண்டாம் சுற்றில் கறுப்புக் குதிரைக்கு விசர் பிடித்துக் கயிற்றோரம் சாய்ந்து வேகம் கெட்டது. ஒரு குட்டைக் குதிரைக்கு மூச்சு இளைத்தது. கப்பலோ, வருசத்தில் ஆறு மாதம் நாள் முழுக்க வலை இழுத்த நெஞ்சல்லவா? இளைப்புமில்லை, களைப்புமில்லை. ஐந்தாவது வந்தது. நாலாவது வந்தது. கடைசிச் சுற்றுத் தொடங்கக் கொடிக்கம்பத்தைக் கடந்தபோது மூன்றாவது!

"மூண்டாவது! மாதாவே, மூண்டாவது!" அல்பொன்சா மாக்கிறட்டைக் கட்டிப்பிடித்தாள், றைஸாவைக் கட்டிப்பிடித்தாள், பெட்டியோரம் நின்ற ஆரென்று தெரியாத ஐஸ்கிறீம்காரனையும் கட்டிப்பிடித்தாள். "அல்லாஹ்வே ஓட வையி!" என்று றைஸா கத்தினாள். நாற்பது பேரும் தலைகால் தெரியாமல் துள்ளினார்கள். சம்மாட்டியாருக்கும் நரம்பு முறுக்கேறிவிட்டது. குதிரையை விற்கவேண்டியவர் தான் என்பதையே மறந்துபோனார். வாயில் கிடந்த கடலையை விழுங்கினார், கையை உயர்த்தினார், கரை முழுக்கக் கேட்கிற அந்தக் கட்டைத் தொண்டையால் எடுத்தார்:

"ஏலேலோ...!"

கரைச்சனத்துக்கு உசார் வந்தால் வேறென்ன தெரியும்? நாற்பது தொண்டையும் ஒன்றாய்ப் பின்பாட்டுப் பாடியது. கைதட்டு, கால்மிதி, உப்புத்தரை அதிர்ந்தது.

பாதையின் அந்தப் பக்கத்தில் கப்பலின் காது நிமிர்ந்தது.

அல்பொன்சா கண்டாள். "பாடாதேங்கோ!" என்று கத்தினாள். ஆருக்குக் கேட்கும்? கப்பல் ஓட்டத்தை விட்டது. கழுத்தைப் பதித்தது. பின்கால் இரண்டையும் ஊன்றி, இல்லாத கயிற்றை, இல்லாத வலையை, அடிமேல் அடியாக இழுக்கத் தொடங்கியது. என்ன பொறுப்பு! என்ன பக்தி! மேலே இனாஸ் உதைத்தான், கெஞ்சினான், கும்பிட்டான். பின்னால் வந்த மூன்று குதிரையும் விலத்திப் போயின. பார்க்க வந்த சனம் தரையில் உருண்டு சிரித்தது.

"தவளை தன் வாயால கெட்டுதாம். இஞ்ச குதிரை சம்மாட்டியார்ட வாயால கெட்டுது," என்றாள் மாக்கிறட்.

பாட்டு ஓய்ந்தது. கப்பல் ஓயவில்லை. மடி கரையேறாமல் அது எப்படி ஓயும்? அதை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு சத்தம்தான் உண்டு, அது அல்பொன்சாவின் மடியில் கிடந்தது. வலைமடி ஏற முந்தித் தட்டுவதா? முப்பது வருசமாய் அவள் செய்யாத காரியம். ஒரு மூச்சுத்தான் யோசித்தாள். கிழங்கையும் சம்பலையும் அப்படியே மாக்கிறட்டின் இத்தாலிச் சாறியில் கொட்டினாள். பெட்டியில் எழுந்து ஆறடியும் நிமிர்ந்து நின்று பேசனைக் கவிழ்த்துத் தட்டினாள். டங்! டங்! டங்!

அம்மாடி, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல! மூன்று வருசப் புண்ணாக்கும் ஒன்றாய் நினைவு வந்த மாதிரிக் கப்பல் கிளம்பியது. இனாஸ் கடிவாளத்தை விட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கலிமா சொன்னானாம், பிறகு சொன்னான். குட்டைக் குதிரையைக் கடந்தது. கறுப்பைக் கடந்தது. றிபன் கட்டின வெள்ளையோடு வந்து ஒட்டியது. அல்பொன்சா அகப்பை வளையத் தட்டினாள். கொடிக்கம்பத்தில் வெள்ளையின் மூக்கு முந்தியது. நாலு விரல்தான்.

கப்பல் நாலாவது.

அது நிற்கவில்லை. கயிற்றைப் பாய்ந்து, நேரே ட்ரக்டர்ப் பெட்டிக்கு வந்து, நுரை தள்ள மூச்சு வாங்கிக்கொண்டு பேசனுக்குள் தலையை விட்டது. பேசனில் ஒன்றுமில்லை. தலையை எடுத்து அவளைப் பார்த்தது. மறுபடி விட்டுப் பார்த்தது.

அல்பொன்சாவுக்கு அடக்கமுடியவில்லை. "வெறும் பேசனைத் தட்டி உன்னை ஏமாத்திப்போட்டனே ராசா. ஒருநாளும் செய்யேல்லயே," என்று எல்லாருக்கும் முன்னால் விம்மினாள். குதிரையும் போகப்போகிறது, பட்டினியாகவும் போகப்போகிறது. கை சோர்ந்து பேசனைக் காலடியில் வைக்கக் குனிந்தாள்.

"வையாத!" சம்மாட்டியார் அலறின அலறலில் கடலைச் சுருள் பறந்தது. "அல்பொன்சா, மகளே, கீழ வையாத! தட்டிப்போட்டாய், இன்னும் நிரம்பேல்ல!"

அப்போதுதான் தன் கையில் என்ன இருக்கிறதென்று அவளுக்கு விளங்கியது. மெல்ல நிமிர்ந்தாள். பேசனைத் தலைக்கு மேலே தூக்கினாள். பெட்டியும் உயரம், ஆளும் உயரம். சம்மாட்டியார் நிலத்திலிருந்து எவ்வித் துள்ளினார். கையில் மிஞ்சின கடலையைப் பேசனுக்குள் எறிந்து பார்த்தார். முகத்தில்தான் திரும்பி விழுந்தது.

"பதிச்சுப் பிடி பிள்ளை! ஒரு பிடி போடுறன்!"

"என்னத்தைப் போடுவீங்க?"

"கடலை! காசு! செருப்பு! என்ன வேணும்?"

"புண்ணாக்கு," என்றாள் அல்பொன்சா. "இண்டைக்கு மட்டுமில்ல. ஒவ்வொரு நாளும், உங்கட கையால, கப்பல் சாகும் வரைக்கும்."

"நாலாவதெல்லோ வந்தது! நான் ஆணையிட்டனான்!"

"மூண்டுக்குள்ள வந்தா விக்கமாட்டன் எண்டுதான் ஆணை. நாலாவது வந்தா விப்பன் எண்டு அன்னம்மாளிட்டச் சொன்னீங்களா? அதோட, அம்பா எடுத்தது ஆர்? நானா?" பேசன் ஒரு சாண் இறங்கியது. "கை நோகுது சம்மாட்டியார். வைக்கப்போறன்."

"வையாத! வையாத!" அவர் வலையை நினைத்தார், வருசத்தை நினைத்தார், முகம் வியர்த்து வழிந்தது. "விக்கேல்ல! கப்பலை விக்கேல்ல! அன்னம்மாள் மேல ஆணை, விக்கமாட்டன்!"

அல்பொன்சா பேசனைப் பதித்தாள். சம்மாட்டியார் கடலைக்காரனின் தட்டத்தையே பறித்து வந்து முதல் பிடி போட்டார். பிறகு நாற்பது பேரும் பாய்ந்தார்கள். மாக்கிறட் சாறியிலிருந்த கிழங்கை உதறினாள். றைஸா தான் கொண்டுவந்த பீற்றூட் இலையைப் போட்டாள். பேசன் நிரம்பி வழிந்தது. கப்பல் கண்ணை மூடிக்கொண்டு தின்றது. பக்கத்தில் நின்ற மாறவிலக்காரர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "எனக்கும் வேணாம், ஐயா. கலியாண வீட்டில யாரும் பாட்டுப் பாடினா, இது பொம்பிளையை இழுத்துக்கொண்டு போயிரும்."

திரும்பி வரும்போது பெட்டியில் பாட்டும் கூத்தும். அம்பா மட்டும் ஆரும் எடுக்கவில்லை. சம்மாட்டியார் மூலையில் ஒற்றைச் செருப்போடு இருந்தார். மற்றச் செருப்பு அவசரத்தில் பேசனுக்குள் போய்விட்டது, கப்பல் அதன் வாரைச் சப்பிவிட்டது. மாக்கிறட் சாறியில் சம்பல் கறையைத் தேய்த்துக்கொண்டு, மகளுக்கு என்ன சொல்வதென்று புலம்பினாள், புலம்பிக்கொண்டே சிரித்தாள்.

றைஸா அல்பொன்சாவின் காதுக்குக் கிட்ட வந்தாள். "புள்ள, உண்மையைச் சொல்லு. அந்தாள் சம்மதிக்காட்டி, வெறும் பேசனைக் கீழ வச்சிருப்பியா?"

அல்பொன்சா முன்னால் இருந்த சம்மாட்டியாரை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவளுடைய வாழ்க்கையில் குரலைத் தாழ்த்தினது அன்றைக்குத்தான்.

"உனக்கென்ன விசரா? என்ட புருசனும் அந்த வலையிலதானே நிக்கிறான். கை முறிஞ்சு விழுந்தாலும் வச்சிருக்கமாட்டன்."